கண்ணாடிக்கு குட்பை சொல்லலாமா? லேசிக் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்!

மழையில் பைக் ஓட்டும்போதும், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் ‘பேசாம லேசிக் பண்ணிடலாமா?’ என்ற யோசனை கண்ணாடி போட்ட பலருக்கும் வரும். ஆனால், ஆபரேஷனைவிட முக்கியம் அதற்கு முன்பு எடுக்கும் பரிசோதனைதான். ஏன் தெரியுமா?

லேசிக்கில் என்ன பண்றாங்க?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலம்தான் கார்னியா. அதன் மேல் மெல்லிய ஏட்டைத் திறந்து, அடியில் உள்ள திசுவை எக்சைமர் லேசரால் செதுக்கி வளைவை மாற்றுவார்கள். பிறகு ஏட்டை மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் இந்த லேசரால் செதுக்க முடியும் என்று 1981-ல் கண்டறிந்த ஐபிஎம் விஞ்ஞானிகளில் ஒருவரான ரங்கசாமி சீனிவாசன், சென்னையில் பிறந்தவர்.

யாரெல்லாம் பண்ணலாம்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓராண்டாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், டாக்டர் சொல்லும் நாட்களுக்கு அதை நிறுத்திவிட்டுத்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சிலருக்கு டாக்டர் ‘வேண்டாம்’னு சொல்றது ஏன்?

இது ஒரு சின்ன கணக்கு. கார்னியாவின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஏட்டுக்கு சுமார் 110 மைக்ரான். ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 6 என்றால் 90 போய், 340 மிஞ்சும். பிரச்னை இல்லை. அதுவே கார்னியா 460, பவர் மைனஸ் 8 என்றால் மிஞ்சுவது 230 மட்டுமே. குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் கண்ணின் அழுத்தம் தாங்காமல் கார்னியா பிதுங்கி, பார்வையே பாதிக்கலாம்.

கார்னியா கூம்பு போல மாறும் கெரட்டோகோனஸ் இருந்தாலும் லேசிக் கூடாது. ஆரம்பத்தில் இதற்கு அறிகுறியே இருக்காது. டோபோகிராபி ஸ்கேனில்தான் தெரியும். அதனால் ‘என் கார்னியா எத்தனை மைக்ரான், எவ்வளவு மிஞ்சும்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

நடுவுல கண் சிமிட்டிட்டா?

பயம் வேண்டாம். இமைகளை கிளிப் பிடித்துக்கொள்ளும். கண் அசைந்தால் கருவி கவனித்துக்கொள்ளும். மரத்துப்போக சொட்டு மருந்து விடுவதால் வலி தெரியாது, லேசான அழுத்தம்தான் இருக்கும்.

அப்புறம் கண்ணாடியே தேவைப்படாதா?

40 வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. படிக்க கண்ணாடி தேவைப்படலாம். சிலருக்கு சில மாதங்கள் கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் இருக்கும். கண்ணைக் கசக்கவே கூடாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பவர் 7.5-க்குக் குறைவு என்றால் பொதுவாக மருத்துவக் காப்பீட்டில் கிடைக்காது.

கடைசியாக ஒன்று: பரிசோதனை ரிப்போர்ட்டை தூக்கிப் போட்டுடாதீங்க. வயதான பிறகு கண்புரை ஆபரேஷன் செய்யும்போது, லென்ஸ் பவரைக் கணக்கிட டாக்டருக்கு அது தேவைப்படும்.