நெடிய இரவில் ஓர் இலாயம்

அந்தாட்டிக்காவிலே குளிர்காலம் நம் சித்திரை மாதத்தில் தொடங்குகின்றது. ஏப்பிரல் இறுதியில் மறையும் ஞாயிறு மீண்டும் தலைகாட்டுவது ஓகஸ்ற் இறுதியிலேதான். 1911ஆம் ஆண்டில் அந்நெடிய இரவை எவான்ஸ் முனையிலே கழித்த கப்டன் ஸ்கொற்றின் குழுவினர் இருபத்தைவர். அவர்கள் வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டிய இலாயத்தில் பத்து மட்டக்குதிரைகளும் நின்றன. தென்துருவம் நோக்கிய பயணத்தின் முதற்பகுதி அக்குதிரைகளின் கால்களையே நம்பியிருந்தது.

அவற்றைக் காக்கும் பொறுப்பு கப்டன் லோறன்ஸ் ஓற்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரிக்கு உரியதாயிற்று. தென்னாபிரிக்கப் போரிலே தொடையிற் குண்டடிபட்டவர், இந்தியாவிலும் பணியாற்றியவர், சொற்சிக்கனம் மிக்கவர். குதிரைகளை மஞ்சூரியாவில் வாங்கியவரோ நாய்களைப் பற்றி அறிந்த வேறொருவர். முன்னைய பயணமொன்றிலே கருநிறக் குதிரைகள் முந்தி இறந்தமையால், வெளிறிய நிறத்தனவே வேண்டும் என்பது கட்டளை. நிறத்தைப் பார்த்தவர்கள் பல்லையும் காலையும் போதிய அளவு பார்க்கவில்லை போலும்! வந்தவற்றுட் பல முதிர்ந்தவை; சில நொண்டுபவை. வாங்கிய 19இல் இரண்டு கடற்புயலில் மாண்டன. உணவுக் களஞ்சியம் அமைக்கச் சென்ற எட்டில் இரண்டே மீண்டன.

எஞ்சிய பத்தையும் ஓற்ஸ் பேணிய முறை கவனிக்கத்தக்கது. காலையில் நறுக்கிய வைக்கோல். நண்பகலில் அதனோடு தானியமோ பிண்ணாக்கோ. மாலையிற் சூடான தவிட்டுக் கூழ். தண்ணீருக்குப் பதிலாகப் பனியே. வேலையற்ற மாதங்களிலே வலுவான தீனியைக் குறைத்து, பயணம் நெருங்க நெருங்கக் கூட்டினார். இலாயத்தின் ஒரு கோடியிலே கடல்நாய்க் கொழுப்பில் எரியும் அடுப்பொன்று இருந்தது. கூழ் காய்ச்சியவாறே, வீட்டுக்குள் நடக்கும் உரையாடலைவிட அவ்வடுப்பின் அருகையே அவர் பெரிதும் விரும்பினார். உருசியக் குதிரைக்காரனான அன்ரன் அவருக்குத் துணையிருந்தான். குதிரைக்கு உடல் முழுதும் வியர்க்கும், நாய்க்கு அவ்வாறன்று. வியர்வை உறைந்தால் குதிரை நடுங்கிச் சோரும். ஆகவே காற்றுத் தணிந்த வேளை பார்த்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் இருளிலே நடத்தி வந்தனர். யூலை மாதத்தில் போன்ஸ் என்னும் குதிரை வயிற்றுவலியால் நிலத்தில் விழுந்து துடித்தபோது முழு முகாமும் கலங்கியது. அதுவும் பிழைத்தது. கிறிஸ்தோபர் என்பதோ, அணுகுவோரை உதைத்துக் கடிப்பதையே தொழிலாகக் கொண்டது. அதனையும் விடாது வளர்த்தார்.

பத்தும் அக்குளிர்காலத்தைக் கடந்தன. நவம்பர் தொடக்கத்திற் புறப்பட்டன. ஆயினும் மலையடிவாரத்துக்கு அப்பால் அவற்றுக்கு இடமில்லை என்பது முன்னரே முடிவான செய்தி. ஒவ்வொன்றாகச் சுடப்பட்டு இறைச்சியாயின. எஞ்சிய ஐந்தும் டிசெம்பர் 9ஆந் திகதி சுடப்பட்டன. இத்தனை மாதமும் ஊட்டி வளர்த்தவருக்கு அது எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும்!

களஞ்சியப் பயணத்தின் கதையொன்று இங்கே கூறத்தக்கது. 1911 பெப்ரவரியிலே, தளர்ந்த குதிரைகளை மேலும் தெற்கே செலுத்தி, விழுந்தவற்றைக் கொன்று, எண்பதாம் பாகை வரை உணவைக் கொண்டு செல்லுமாறு வேண்டியவர் ஓற்ஸே. ஸ்கொற்றின் மனம் இசையவில்லை. களஞ்சியம் ஏறத்தாழ 30 கடல்மைல் வடக்கே, 79 பாகை 29 கலையில் அமைந்தது. அன்று இரக்கம் காட்டியவர் குதிரைகளை அறியாதவர். இரக்கமற்றவர் போலப் பேசியவரே அவற்றை நன்கறிந்தவர்.

1912 யனவரி 17இல் ஸ்கொற் குழுவினர் துருவத்தை அடைந்தனர். அமுண்ட்சன் நாய்களோடு முந்திவிட்டார். திரும்பும் வழியிலே, கால்கள் உறைபனியாற் கெட்ட ஓற்ஸ், தம்மால் ஏனையோர் தாமதிக்கலாகாதென, மார்ச் மாத நடுவில் கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்து மறைந்தார். மற்ற மூவரும் அக்களஞ்சியத்துக்கு 11 கடல்மைல் தெற்கே மடிந்தனர்.

ஓற்ஸ் முன்னரே கூறிய ஆலோசனையின்படி, இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகள் 1912 தொடக்கத்திலே எவான்ஸ் முனைக்கு வந்து சேர்ந்திருந்தன. லால் கான், குலாப், பேகம், ராணி என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். அவை அடுத்த குளிர்காலத்தை அதே இலாயத்தில் கழித்தன. நவம்பர் 12இல் பனியில் புதைந்த கூடாரத்தைத் தேடிக் கண்ட குழுவின் சுமையை இழுத்துச் சென்றவை அவையே.