எஃப்.ஏ. சமூகக் கேடயத்தின் வரலாறு

இங்கிலாந்தில் முந்தைய பருவத்தின் லீக் வாகையரும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியும் மோதும் ஒற்றை ஆட்டமே எஃப்.ஏ. சமூகக் கேடயம் ஆகும். இரண்டையும் ஒரே அணி வென்றிருந்தால், லீக்கில் இரண்டாமிடம் பெற்ற அணி எதிராக ஆடும். 2002 வரை இதன் பெயர் அறக்கொடைக் கேடயம். பெயர் மாறியதற்கான காரணம் சங்கத்திற்குப் பெருமை சேர்ப்பதன்று.

இதற்கு முன்னோடி 1898இல் தொடங்கிய லண்டன் செரீப் கேடயம். அதில் தொழில்முறை அணி ஒன்றும் அமெச்சூர் அணி ஒன்றும் ஆடின. வசூல் அறப்பணிகளுக்குச் சென்றது. 1907இல் அமெச்சூர் கழகங்கள் பல கால்பந்துச் சங்கத்திலிருந்து பிரிந்தன. அடுத்த ஆண்டே சங்கம் தன் சொந்தக் கேடயத்தைத் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் கோப்பை வென்ற அணிக்கு இடமே இல்லை: கால்பந்து லீக் வாகையரான மான்செஸ்டர் யுனைடெட், தெற்கு லீக் வாகையரான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியைச் சந்தித்தது. ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தில் யுனைடெட் 4–0 என வென்றது.

லீக் வாகையரும் கோப்பை வாகையரும் முதன்முதலில் மோதியது 1921இல். டாட்டன்ஹாம் 2–0 எனப் பர்ன்லியை வென்றது. இம்முறை 1930இல்தான் ஓரளவு நிலைபெற்றது. அதற்கு முன் தொழில்முறை வீரர்களுக்கும் அமெச்சூர் வீரர்களுக்கும் இடையே ஆட்டங்கள் நடந்தன. 1925இல் அமெச்சூர்கள் 6–1 என வென்றனர் என்பது இன்று படிப்போருக்கு வியப்பளிக்கலாம்.

1970களின் தொடக்கத்தில் பெரிய கழகங்களே இதைப் பொருட்படுத்தவில்லை. 1972இல் லீக் வாகையரும் கோப்பை வாகையரும் ஆட மறுத்தனர். எனவே மான்செஸ்டர் சிட்டியும் மூன்றாம் பிரிவு வாகையரான ஆஸ்டன் வில்லாவும் ஆடின. இந்நிலையை மாற்ற, சங்கச் செயலாளர் டெட் குரோக்கர் 1974இல் ஆட்டத்தை வெம்பிளிக்குக் கொண்டுவந்தார். அவ்வாட்டத்தில் லிவர்பூலின் கெவின் கீகனும் லீட்ஸின் பில்லி பிரெம்னரும் கைகலப்பில் ஈடுபட்டு வெளியேற்றப்பட்டனர். இருவரும் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு நடந்தனர். அறக்கொடைக்கென நடந்த ஆட்டம்! லிவர்பூல் தண்ட உதைகளில் 6–5 என வென்றது. 1993 முதல், சமநிலையில் முடியும் ஆட்டங்களில் கேடயத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் கைவிடப்பட்டது.

நுழைவுச்சீட்டுப் பணத்தில் எவ்வளவு அறப்பணிக்குச் செல்கிறது என்பதைச் சங்கம் தெளிவாகக் குறிப்பிடவில்லை என்று அறக்கொடை ஆணையம் கண்டறிந்தது. ஆகவே 2002இல் ‘அறக்கொடை’ என்ற சொல் நீக்கப்பட்டது. புதிய பெயரில் கார்டிஃபில் நடந்த முதல் ஆட்டத்தில் ஆர்சனல் 1–0 என லிவர்பூலை வென்றது. இப்போது வருவாயின் ஒரு பகுதி எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்று முதல் பங்கேற்கும் கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. அவை தத்தம் பகுதி அறப்பணிகளுக்கு அதை வழங்குகின்றன.