ஆஃப்லைன்-முதல் வடிவமைப்பு

ஆஃப்லைன்-முதல் வடிவமைப்பு என்பது, இணைய இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதை இயல்பு நிலையாகக் கொண்டு கைபேசிச் செயலிகளை உருவாக்கும் மென்பொருள் முறை. செயலி, கைபேசியிலுள்ள தரவுத்தளத்தில் எழுதி, அதிலிருந்தே படிக்கும். பயனர் செய்த மாற்றங்கள் வரிசையில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் சர்வருக்குச் செல்லும்.

தோல்வியுற்ற கோரிக்கையை மறுபடி அனுப்பும்போது, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, சிறிது தற்செயல் வேறுபாடும் சேர்ப்பர். இல்லையெனில் இணைப்பு மீண்டதும் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்கும். பணப் பரிமாற்றத்தில் ஆபத்து பெரிது: கோரிக்கை நிறைவேறி, பதில் மட்டும் வழியில் தொலையலாம். மறுமுயற்சியில் பணம் இருமுறை கழியாதிருக்கக் கோரிக்கைதோறும் தனி அடையாள எண் இடுவது இன்றியமையாதது.

ஒரே பதிவை இருவர் திருத்தினால் முரண் எழும். கடைசியாக வந்ததை மட்டும் ஏற்பது எளிது. ஆனால் மற்றவரின் உழைப்பு அவர் அறியாமலே அழியும். 2011இல் மார்க் ஷபீரோ குழுவினர் முறைப்படி வரையறுத்த சிஆர்டிடி தரவு வகைகள், மாற்றங்களைத் தாமே ஒருங்கிணைக்கின்றன.

ஆஃப்லைன்-முதல் முறையின் முன்னோடி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய கோடா கோப்பு முறைமை. அதை வழிநடத்திய மகாதேவ் சத்தியநாராயணன் சென்னை ஐஐடியில் பயின்றவர். களப்பணியாளர் இணைப்பின்றிப் படிவங்களை நிரப்பப் பயன்படும் ஓபன் டேட்டா கிட், 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது.