முட்டை அடைகாப்பானில் வெப்பக் கட்டுப்பாட்டின் வரலாறு

முட்டை அடைகாப்பான் (இன்குபேட்டர்) என்பது தாய்ப்பறவையின் துணையின்றி முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் கருவியாகும். கோழி முட்டை பொரிய 21 நாள்களும் வாத்து முட்டை பொரிய ஏறத்தாழ 28 நாள்களும் ஆகும். இந்த நாள்கள் முழுவதும் முட்டைக்குச் சீரான வெப்பம் கிடைக்க வேண்டும். வெப்பத்தை உண்டாக்குவது எளிது. அதை ஏறாமலும் இறங்காமலும் வைத்திருப்பதே கடினம். எனவே அடைகாப்பானின் வரலாறு பெரும்பாலும் வெப்பக் கட்டுப்பாட்டின் வரலாறாகவே அமைந்துள்ளது.

சீரான வெப்பத்தின் தேவை

விசிறி பொருத்திய அடைகாப்பானில் கோழி முட்டைக்கு ஏற்ற வெப்பநிலை சுமார் 37.5 பாகை செல்சியசு ஆகும். கரு சிறிது நேரக் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அடைக்கோழியும் இரை தேட நாள்தோறும் சற்று நேரம் முட்டையை விட்டு எழுந்து செல்கிறது. மிகுந்த சூட்டைக் கரு தாங்காது. வெப்பநிலை 40 பாகையைத் தாண்டிச் சில மணி நேரம் நீடித்தால் கரு இறக்கக்கூடும். குறைந்த வெப்பத்தால் குஞ்சு தாமதமாகும். மிகுந்த வெப்பத்தால் குஞ்சே இல்லாமல் போகும்.

எகிப்திய அடுப்புகள்

எகிப்தில் செயற்கை முறையில் முட்டை பொரிக்கும் வழக்கம் இருந்ததை அரிஸ்டாட்டில் குறிப்பிட்டுள்ளார். அங்குப் பின்னர் பரவலாக இருந்த பொரிப்பகங்கள் தடித்த மண்செங்கல் சுவர்களால் கட்டப்பட்டவை. நடுவில் ஒரு நடைவழியும் அதன் இருபுறமும் ஈரடுக்கு அறைகளும் இருந்தன. கீழறையில் முட்டைகளைப் பரப்பி, மேலறையில் சாணம், வைக்கோல் போன்றவற்றை மூட்டம் போட்டு எரித்தனர். வெப்பமானி இல்லாத காலத்தில் பணியாளர்கள் முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துச் சூட்டை அறிந்தனர். இத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறி வந்தது.

இம்முறையில் கட்டுப்பாடு இரண்டு வகையில் கிடைத்தது. ஒன்று பணியாளரின் கவனம். மற்றொன்று தடித்த சுவர். சூடேறிய மண்சுவர் மெல்லவே குளிரும் என்பதால் தீ சற்று ஏறி இறங்கினாலும் முட்டைக்கு அது உடனே தெரிவதில்லை. முதல் பத்து நாள்வாக்கில் தீயை நிறுத்திய பின்னரும், சுவரில் தங்கிய சூடும் வளரும் கருக்கள் வெளியிடும் சூடும் போதுமானவையாக இருந்தன.

பிலிப்பைன்சில் வறுத்த நெல்லையும் வங்கதேசத்தில் சூடாக்கிய உமியையும் கொண்டு வாத்து முட்டைகளை அடைவைக்கும் முறைகளும் இதே தத்துவத்தில் அமைந்தவை.

ஐரோப்பிய முயற்சிகள்

நெதர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கொர்னேலிசு டிரெபெல் (1572–1633), தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் அடைகாப்பானை உருவாக்கினார். முட்டை அறையைச் சூழ்ந்த நீரில் சாராயமும் பாதரசமும் அடங்கிய கண்ணாடிக் கலம் வைக்கப்பட்டது. சூடு மிகும்போது சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலை உயர்த்தும். கோல் அடுப்பின் காற்றுவழியை மூடும். தீ தணிந்து கலம் குளிர்ந்ததும் காற்றுவழி மீண்டும் திறக்கும். இதன் விளைவே அடுத்து நடப்பதைத் தீர்மானிப்பதால், இது தானியங்கிக் கட்டுப்பாட்டின் தொடக்ககால எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமூர் (1683–1757) எகிப்திய முறையை ஆராய்ந்து 1749இல் இது பற்றிய நூலை வெளியிட்டார். நொதிக்கும் குதிரைச் சாணக் குவியலில் பீப்பாய்களைப் புதைத்து, அவற்றினுள் முட்டைகளை வைத்துப் பொரிக்கச் செய்தார். கண்ணிமையின் இடத்தை இங்கு வெப்பமானி பிடித்தது. வெப்பமானி வாங்க இயலாத குடியானவர்களுக்கு, வெண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்த சிறு குப்பி ஒன்றை அவர் பரிந்துரைத்தார். கலவை உருகும் நிலையைக் கொண்டு சூட்டை மதிப்பிடலாம்.

1777இல் பொன்னமென் என்னும் பிரெஞ்சுக்காரர் சுடுநீர் குழாய்களில் சுழன்றுவரும் அடைகாப்பானை அமைத்தார். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களின் அசைவு அதன் தீயைக் கட்டுப்படுத்தியது.

ஈதர் வில்லையும் மின்சாரமும்

1881இல் இங்கிலாந்தின் சார்லசு ஹியர்சன் ஈதர் அடைத்த மெல்லிய உலோக வில்லையைப் பயன்படுத்தினார். தேவையான சூட்டை எட்டியதும் ஈதர் ஆவியாகி வில்லை உப்பும். அது நெம்புகோலைத் தூக்கி, விளக்கின் வெப்பத்தை வேறு வழியில் வெளியேற்றும். சிறிய, மலிவான இந்த அமைப்பால் அடைகாப்பான் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. இதே காலத்தில், 1879 முதல், அமெரிக்காவின் பெட்டலுமா நகரில் லைமன் பைசு உருவாக்கிய அடைகாப்பான்கள் அந்நகரை முட்டைத் தொழிலின் மையமாக்கின.

முட்டைகளின் எண்ணிக்கை பெருகியதும் புதுச் சிக்கல் எழுந்தது. வளர்ந்த கருக்களே மிகுந்த வெப்பத்தை வெளியிட்டன. சாமுவேல் சுமித் 1918இல் காப்புரிமை பெற்ற முறையில், வெவ்வேறு நாள்களில் வைத்த முட்டைகள் ஒரே அறையில் இருக்கும். விசிறிக் காற்று முதிர்ந்த முட்டைகளின் சூட்டைப் புதியவற்றிடம் கொண்டு செல்லும். 1922இல் ஐரா பீட்டர்சைம் மின்சார அடைகாப்பானை உருவாக்கினார்.

வீட்டு அடைகாப்பான்கள்

இன்று தமிழ்நாட்டில் நாட்டுக்கோழி, காடை வளர்ப்போர் பலர் தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, கணினி விசிறி, மலிவான மின்னணு வெப்பக் கட்டுப்படுத்தி ஆகியவற்றைக் கொண்டு தாமே அடைகாப்பான் செய்துகொள்கின்றனர். டிரெபெல்லின் பாதரசம் செய்த வேலையை ஒரு சிறு மின்சுற்று செய்கிறது. எகிப்தியரின் தடித்த சுவருக்கு ஈடான ஒன்று மட்டும் இதில் இல்லை. தெர்மாகோல் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்குமே தவிர, வெப்பத்தைச் சேமித்து வைக்காது. மூடியைத் திறந்தாலோ மின்சாரம் நின்றாலோ பெட்டிக்குள் இருக்கும் காற்று விரைவில் குளிரும்.

இக்குறையைப் போக்க நீர் நிரப்பிய புட்டிகளைப் பெட்டிக்குள் வைப்பது எளிய வழி. நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், பல்பு எரிந்து அணையும்போது உண்டாகும் ஏற்ற இறக்கமும் தணிகிறது. வெப்ப உணரியைப் பல்பின் அருகில் வைக்காமல் முட்டையின் மட்டத்தில் வைக்க வேண்டும். விசிறியில்லாத பெட்டியில் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சூடாக இருக்கும் என்பதால், அங்கு முட்டையின் மேல்விளிம்பு மட்டத்தில் சற்றுக் கூடுதலாக, சுமார் 38.5 பாகை வைப்பது வழக்கம். பெட்டியை வெயில் படும் சன்னலோரம் வைக்கக் கூடாது. முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாளாவது பெட்டியை வெறுமையாக இயக்கி, வேறொரு நம்பகமான வெப்பமானியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மின்தடையின்போது மூடியைத் திறக்காமல், பெட்டியைத் துணியால் போர்த்தி வைத்தால் முட்டைகள் பெரும்பாலும் தப்பிக்கும். கட்டுப்படுத்தி பழுதாகிப் பல்பு அணையாமல் எரிவதே இதைவிட ஆபத்தானது. அதனால் தானியங்கிக் கருவி இருந்தாலும் நாளில் சிலமுறை வெப்பமானியைப் பார்க்கும் வழக்கம் தேவை.