கடற்கரையிலிருந்து மலைக்கு: விடுமுறை நகைச்சுவைப் படங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேலைநாட்டுத் திரைப்படங்களிற் செழித்த நகைச்சுவை வகைகளுள் கடலோர விடுமுறைக் கதையும் ஒன்றாகும். பிரான்சிய இயக்குநர் ஜாக் டாட்டியின் ‘திருவாளர் ஹூலோவின் விடுமுறை’ (1953) இதற்குச் சிறந்த சான்று. போரின் துயர் நீங்கிய மக்கள் சில நாட்களேனும் தொழிலை மறந்து சிரிப்பதற்குக் கடற்கரை களமாயிற்று.

இவ்வகை தமிழுக்கு வந்தபோது கடலின் இடத்தை மலை பெற்றது. ‘கம் செப்டெம்பர்’ (1961) என்ற அமெரிக்கப் படத்தில் இத்தாலியக் கடற்கரையில் நின்ற மாளிகை, அதனைத் தழுவிய ‘அன்பே வா’வில் (1966) சிம்லாவுக்கு இடம்மாறியது. இம்மாற்றம் வியப்புக்குரியதன்று. தமிழர்க்குக் கடற்கரை மீனவரது உழைப்பின் நிலம்; நெய்தலின் உரிப்பொருளும் இரங்கலே. மலையை ஓய்விடமாக்கியோர் ஆங்கிலேயர். உதகமண்டலமும் கொடைக்கானலும் நுவரெலியாவும் அவர்கள் வெம்மைக்கு ஒதுங்கிய நகரங்களாகவே வளர்ந்தன.

ஆயின் மலையும் உழைப்பின் நிலமே என்பதை ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) தன்னை அறியாமலே உணர்த்துகின்றது. ஆழியாற்றுச் சூழலிற் படமாக்கப்பட்ட அக்கதையில் டி. எஸ். பாலையா தோட்ட முதலாளி. அவரால் வேலைநீக்கப்பட்ட இளைஞன் மாளிகைக்கு எதிரே கூடாரமிட்டுப் போராடுகின்றான். அப்போராட்டம் சிரிப்புக்குரியதாகின்றது, செல்வர் மகனாக நடித்த பின்னரே அவனுக்கு மதிப்புக் கிட்டுகின்றது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய மலையக மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னைய பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அம்மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. ஏப்ரல் மாதத்தில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் காண நுவரெலியாவுக்கு வருவோர் கடந்து செல்லும் தேயிலைச் சரிவுகளிலேயே அவர்களின் லயங்கள் இருந்தன.

படத்தின் சிரிப்பைப் பழித்தற்கு இடமில்லை. அது நல்ல சிரிப்பே. எனினும், வேலை போனால் லயத்து அறையும் போகும் என்றிருந்த தோட்டத்திலே அக்கூடாரத்தைக் கண்டு முழுமனத்துடன் நகைத்தல் எளிதன்று. விடுமுறைக் கதையில் மலை ஓர் அழகிய காட்சி. அங்கு வாழ்ந்தவர்க்கோ விடுமுறையற்ற வாழ்க்கை. ஒரு காலத்தின் நகைச்சுவையை வரலாறாகப் படிப்போர், அது எவரைக் காட்டிற்று என்பதோடு எவரைக் காட்டாது விட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.