கூட்டுக்கூண்டில் ஃபின்ச் வளர்ப்பு

கூட்டுக்கூண்டு என்பது பல வகைச் சிறு பறவைகளை ஜோடி ஜோடியாகப் பிரிக்காமல் ஒரே பெரிய கூண்டில் விட்டு வளர்க்கும் முறை. கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, சித்தூர் (பாலக்காடு), மறையூர், குமுளி (இடுக்கி) போன்ற ஊர்களில் இப்பறவைகளுக்கு இரு மொழியிலும் 'ஃபின்ச்' என்றே பெயர். பெயர் தவறு. உண்மையான ஃபின்ச்சுகள் ஃபிரிஞ்சில்லிடே குடும்பத்தவை. கூண்டில் இருப்பவை எஸ்ட்ரில்டிடே குடும்பத்தவை, அதாவது நம் சில்லைகளின் உறவு.

குழப்பம் பழையது. சிவப்புச் சில்லை அகமதாபாத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கூண்டுப் பறவையாகப் போனது. ஊர்ப்பெயர் சிதைந்து 'அவதாவத்', 'அமந்தவா' என்றானது. 1758-இல் லின்னேயஸ் அதையே அறிவியல் பெயராக்கி, பறவையை ஃபிரிஞ்சில்லா பேரினத்தில் சேர்த்துவிட்டார். பேரினம் பின்னர் திருத்தப்பட்டது. கடைக்காரர் வாயில் ஃபின்ச் நிலைத்தது. 

கூட்டுக்கூண்டுக்கு மிகப் பொருத்தமானது பெங்காலீஸ். வங்காளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீனத்து வெண்முதுகுச் சில்லையை 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர் இறக்குமதி செய்து, தலைமுறை தலைமுறையாகப் பழக்கி உருவாக்கிய வளர்ப்பினம் இது, காட்டில் இல்லை. ஜப்பானியப் பெயரான 'ஜுஷிமாட்சு'வை எழுதும் எழுத்துகளுக்குப் பத்துச் சகோதரிகள் என்று பொருள். மாலையில் கூண்டருகே நின்றால் பெயரின் காரணம் விளங்கும்: கூடாகக் கட்டிய வேறு கலயங்கள் காலியாக இருக்க, எல்லாம் ஒரே கலயத்தில் முண்டியடித்து நுழையும், கடைசியாக வருவது மற்றவற்றின் முதுகில் ஏறிப் படுக்கும். பிற இனங்களின் முட்டைகளையும் அடைகாத்து வளர்க்கும்.

ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியப் பறவை. திமோர் தீவுப் பகுதியில் உள்ளது வேறு இனம். சுமார் 10 செ.மீ. நீளம். 4 முதல் 6 முட்டைகள், ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாப்பு. சுறுசுறுப்பானது, ஆனால் போக்கிரி: தன் கூட்டில் மெத்தை போட அடுத்த பறவையின் இறகைப் பிடுங்கும். கலயத்துக்கும் சண்டையிடும், ஆகவே ஜோடிகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு கலயங்கள், அதுவும் ஒரே உயரத்தில் கட்டவேண்டும். உயரமான கலயத்துக்கே சண்டை. சிறு பறவைகளின் காலைக் கடிக்கும் லவ் பேர்ட்ஸைச் சேர்க்கக்கூடாது.

தீனி தினையும் கணவாய் மீன் ஓடும். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் கீழ்க்காற்று வீசுவதால் கூண்டின் கிழக்குப்புறம் அடைப்பு வேண்டும். இடுக்கியின் மழைப்பகுதிகளில் ஈரத் தினை பூஞ்சை பிடிக்கும். மழைமறைவுப் பகுதியான மறையூரில் இத்தொல்லை குறைவு. எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவர்.

பெங்காலீஸின் காட்டு உறவான வெண்முதுகுச் சில்லை, மலையாளத்தில் ஆற்றக்கறுப்பன், இவ்வூர்களின் வயலோரப் புதர்களிலேயே திரிகிறது. அதைப் பிடித்து அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலிக்கு இப்பால் கூண்டிலிருக்கும் பெங்காலீஸுக்கு அத்தடை இல்லை. கூட்டுக்கூண்டில் ஜாவாக் குருவியும் வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதைப் பதிவுசெய்ய வேண்டும்.