பெட்டிக்குள் இருந்த கடிதம்

அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையிலான உள்நாட்டுப் போர், சம்டர் கோட்டை மீது பாய்ந்த முதல் குண்டோடு தொடங்கியது. 1861 ஏப்ரல் 12இல் அது நடந்தது. 15ஆம் தேதி அதிபர் ஆபிரகாம் லிங்கன் 75,000 தொண்டர் வீரர்கள் வேண்டும் என்று அறிவித்தார். வட மாநிலங்களில் குடியானவர்கள், தச்சர்கள், குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள் என்று பெயர் கொடுக்க முண்டியடித்தார்கள். பெயர் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

சலிவன் பலூ. வயது 32. அமெரிக்காவிலேயே மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் வழக்கறிஞர். மாநில சட்டமன்றத்தில் சபாநாயகராக உட்கார்ந்தவர். லிங்கனின் குடியரசுக் கட்சிக்காரர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, முட்டி மோதிப் படித்து மேலே வந்தவர். மனைவி சாராவுக்கு இருபதுகளின் நடுவில் வயது. மூத்தவன் எட்கர், இளையவன் வில்லி. வில்லிக்கு இரண்டு வயதுதான். தகப்பன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்ட மனிதர், தன் வீட்டை விட்டுக் கிளம்பினார். ரோட் ஐலண்ட் இரண்டாவது காலாட்படைப் பிரிவில் மேஜர் பதவி. படை தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து கூடாரமடித்தது.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை இரவு. நல்ல கோடை. சுற்றிலும் இரண்டாயிரம் பேர் தூங்குகிறார்கள். இரண்டொரு நாளில் புறப்பட வேண்டியிருக்கும் என்ற பேச்சு முகாம் முழுக்க அடிபடுகிறது. பலூ விழித்திருந்து சாராவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்.

போருக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் தைரியம்தான் இருக்கும். கவலைப்படாதே, வந்துவிடுவேன் என்பார்கள். பலூ அப்படி எழுதவில்லை. சுதந்திரப் போரில் ரத்தம் சிந்திய முன்னோர்களுக்குத் தன் தலைமுறை கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனை அடைக்க உயிரைத் தரத் தனக்குத் தயக்கமில்லை என்று தொடங்குகிறார். அடுத்தாற்போலவே மனம் தடுமாறுகிறது. என் சந்தோஷத்தைக் கொடுத்துவிடலாம். ஆனால் அதோடு சேர்த்து உன் சந்தோஷத்தையும் அல்லவா கொடுக்கிறேன் என்கிறார். அனாதையாக வளர்ந்த கசப்பைத் தின்றவன், அதையே தன் பிள்ளைகளுக்கும் ஊட்டலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். மனைவி மக்கள் மீதுள்ள பாசம் நாட்டுப்பற்றோடு மல்லுக்கட்டுகிறதே, இது கோழைத்தனமா என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்காகவே இந்தக் கடிதம் மற்ற வீரக் கடிதங்களைவிட உயர்ந்தது என்பேன். சபாநாயகர் நாற்காலியில் இருந்து தீர்ப்புச் சொல்லிப் பழகியவர், தன் வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் கடவுளிடம் ஒப்படைக்கிறார்.

ஆம், கடிதம் நெடுகக் கடவுள் வருகிறார். சாவு தன் முதுகுக்குப் பின்னால் பதுங்கி வருவதாகத் தோன்றுகிறது என்றும், அந்த வேளையில் கடவுளோடும் நாட்டோடும் உன்னோடும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுதுகிறார். தன் பல தவறுகளுக்காகச் சாராவிடம் மன்னிப்புக் கேட்கிறார். இறந்தவர்கள் மண்ணுக்குத் திரும்பி வர முடியுமானால் எப்போதும் உன் பக்கத்தில்தான் இருப்பேன். கன்னத்தில் இளங்காற்று பட்டால் அது என் மூச்சு என்று நினைத்துக்கொள் என்கிறார். வில்லிக்குத் தன் முகம்கூட நினைவிருக்காது, எட்கருக்கு ஏதோ மங்கலாக நினைவிருக்கும் என்று கணக்குப் பார்க்கிறது தகப்பன் மனசு.

அந்தக் கடிதத்தை அவர் அஞ்சலில் சேர்க்கவில்லை. அது அவருடைய பெட்டிக்குள்ளேயே இருந்தது என்கிறார்கள்.

சரியாக ஏழாம் நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வர்ஜீனியாவில் மனாசஸ் ஊருக்குப் பக்கத்தில் புல் ரன் ஓடை. உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை. ஒரே சண்டையில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் வாஷிங்டன்வாசிகள் சாப்பாட்டுக் கூடையோடு குதிரை வண்டி கட்டி வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஓடையைக் கடந்து மேட்டில் ஏறிய வடக்குப் படையில் முன்னணியில் போனது பலூவின் பிரிவு. படைத்தலைவர் கர்னல் ஜான் ஸ்லோகம் தலையில் குண்டடிபட்டு விழுந்தார். குதிரை மேல் இருந்த பலூவின் வலது காலைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. குதிரை அங்கேயே செத்தது.

இருவரையும் சட்லி தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். காலை ஜெபம் நடந்திருக்க வேண்டிய கூடத்தில் மருத்துவர்கள் கை கால்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பலூவின் காலையும் எடுத்தார்கள். மாலைக்குள் வடக்குப் படை சிதறி வாஷிங்டனை நோக்கி ஓடியது. நடக்க முடியாதவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்லோகம் இரண்டு நாளில் இறந்தார். பலூ ஒரு வாரம் கிடந்து உயிரை விட்டார். தேவாலயத்துக்கு அருகே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். 1862 மார்ச்சில் தெற்குப் படை மனாசஸை விட்டு விலகியதும், ரோட் ஐலண்ட் ஆளுநர் வில்லியம் ஸ்பிரேக் குதிரைப் படையோடு உடல்களை எடுத்துவர நேரில் வந்தார். தோண்டத் தொடங்கியபோது அந்த ஊர்க் கறுப்பினப் பெண் ஒருத்தி வந்து, கர்னலையா தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஜார்ஜியாவைச் சேர்ந்த சிப்பாய்கள் அந்த உடலைத் தோண்டி எடுத்து, தலையை வெட்டி, எரித்துவிட்டார்கள் என்றாள். அவள் காட்டிய இடத்தில் சாம்பலும் எலும்பும் கிடந்தன. ஓடையில் சட்டைகள் கிடைத்தன. காயம்பட்ட இருவருக்கும் பணிவிடை செய்த சிப்பாய் கூடவே வந்திருந்தார். அவர் சட்டையைப் பார்த்ததும், இது ஸ்லோகமுடையது அல்ல, மேஜர் பலூவுடையது என்றார். மற்றொரு குழியைத் தோண்டினார்கள். ஸ்லோகத்தின் உடல் முழுதாக இருந்தது. மீசையை வைத்து அடையாளம் கண்டார்கள். கர்னல் மேல் இருந்த பகைக்கு மேஜரின் பிணம் பலியாகியிருந்தது. ஸ்பிரேக் இதையெல்லாம் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சாட்சியமாகச் சொன்னார்.

பலூவின் கடிதத்தில் அடிமைமுறை பற்றி ஒரு சொல் கிடையாது. அடிமைமுறை சட்டமாக இருந்த மண்ணில் அவருக்கு நேர்ந்ததை உலகுக்குச் சொன்னவள் ஒரு கறுப்பினப் பெண். ஆளுநரின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. அவள் வாய் திறந்திராவிட்டால் பலூவின் எலும்புகள் வர்ஜீனியா மண்ணிலேயே மக்கிப் போயிருக்கும்.

மிஞ்சியதைப் பிராவிடன்ஸ் நகரின் ஸ்வான் பாயிண்ட் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். சாரா மறுமணம் செய்துகொள்ளவில்லை. வேலை பார்த்து இரண்டு பையன்களையும் வளர்த்து ஆளாக்கினார்.

1990இல் கென் பர்ன்ஸ் எடுத்த உள்நாட்டுப் போர் ஆவணப்படத்தின் முதல் பகுதி, வயலின் இசையின் பின்னணியில் இந்தக் கடிதத்தை வாசித்து முடிந்தது. அந்தத் தொடரைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பலூவின் பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது அப்போதுதான். அவர் கையெழுத்தில் இருந்த மூலக் கடிதம் கிடைக்கவில்லை; பிரதிகள்தான் இருக்கின்றன.

கடிதத்தின் முடிவில், உனக்காக அங்கே காத்திருப்பேன், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வா என்ற பொருளில் எழுதியிருந்தார் பலூ. அந்த வாசகத்தை அவர் கல்லறைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சாரா 1917இல், எண்பது வயதில் இறந்தார். அவரை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.